படம் எண் பதினொன்று

மூக்கைத்தான் முதலில் தேடினேன். முகம் என்று ஒன்று இருந்தால் மூக்குதான் தூக்கலாக நிற்கும், விரலுக்குச் சட்டென்று அகப்படும், அங்கிருந்து மேலே போனால் நெற்றி, கீழே இறங்கினால் உதடு, இப்படித்தான் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன், பெருமாள்புரத்தில் ஆட்டோ ஏறியதிலிருந்து வண்ணார்பேட்டையில் இந்தப் படக் கண்காட்சி ஹால் வாசலில் இறங்குகிற வரைக்கும், வலது கை ஆள்காட்டி விரலை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, வேறு எதையும் தொட்டுவிடக் கூடாது என்று. பைத்தியக்காரத்தனம்தான், தெரியும். ஷெர்லின் என்னை இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, "கூட்டம் கொறையட்டும்மா, பொறவு கூட்டிட்டுப் போய்க் காட்டுதேன், நான் போய் டீ வாங்கிட்டு வாரேன், நீ எந்திரிச்சுப் போயிராத" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெற்ற மகள் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறவளா நான். அவள் செருப்புச் சத்தம் மறைந்ததும் எழுந்தேன், சுவரைத் தடவிக்கொண்டே போனேன், ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு சாய்வுப் பலகை வைத்திருக்கிறார்கள், அதில் மேலே மாட்டியிருக்கிற படத்தையே புடைப்பாக அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள், எங்களைப் போல் கண் தெரியாதவர்கள் தொட்டுப் பார்க்க, பக்கத்தில் பிரெயிலில் ஒரு சீட்டு. எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்று. என் வீட்டுக்காரர். தலைப்பு அதுதான், எடுத்தவர் எமிலி தங்கதுரை. என் பெயரை இரண்டு தரம் தடவிவிட்டு விரலைப் பலகைக்கு நகர்த்தினேன். நாற்காலியின் முதுகு கிடைத்தது. கைப்பிடி கிடைத்தது, அதன்மேல் ஒரு துண்டு. நடுவில் பிரம்புப் பின்னல், கட்டம் கட்டமாக, மேலிருந்து கீழ்வரை ஒரு கட்டம் விடாமல். ஆள் உட்கார்ந்திருந்தால் முதுகுப் பின்னல் எப்படி விரலுக்குத் தெரியும்? திரும்பவும் மேலிருந்து வந்தேன். பிறகு இடமிருந்து. பிறகு யாரோ பின்னால் வந்து நின்றார்கள், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அச்சடித்தவன் சோம்பேறியாக இருக்கும். நாற்காலியை மட்டும் செய்துவிட்டு ஆளைச் செய்ய மறந்துவிட்டான், முகம் செய்வது கஷ்டம், யார் கேட்கப்போகிறார்கள், இதுகளுக்கு என்ன தெரியப்போகிறது என்று விட்டிருப்பான். நசீமாவிடம் சொல்லி அவனை ஒரு பிடி பிடிக்க வேண்டும். நசீமாதான் எங்களுக்கெல்லாம் கேமரா சொல்லிக்கொடுத்தவள், மூன்று வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து வந்து பத்து நாள் முகாம் நடத்தினாள், பதினான்கு பேர் சேர்ந்தோம். அவள் வந்ததும் சொல்லிவிடுவேன், ஏம்மா, மேலே மாட்டியிருக்கிற படத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார், கீழே உங்கள் ஆள் அவரை எழுப்பிவிட்டுவிட்டான் என்று. இப்படி நினைத்து ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் இரண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள், கல்லூரிப் பிள்ளைகளாக இருக்கும், தலையில் மல்லிகை வாசனை. "ஏ, இங்க வாயேன், இந்தப் படத்தப் பாரு. வெறும் சேரு. பேரப் பாரு, என் வீட்டுக்காரர்." அவ்வளவுதான் சொன்னாள். மற்றவள், "எனக்குப் புல்லரிச்சுட்டுப்பா" என்றாள். அச்சடித்தவனே, தெரியாமல் திட்டிவிட்டேன், மன்னித்துக்கொள்.

நான் இந்தக் கண்காட்சிக்குப் படம் கொடுத்ததே அந்தப் பலகைக்காகத்தான். பரிசு, பத்திரிகை, ஒன்றும் எனக்கு வேண்டாம். நசீமா போனில் சொன்னாள், இந்தத் தடவை எல்லாப் படத்துக்கும் தொட்டுப் பார்க்கிற பிரதி செய்கிறோம் என்று. போனை வைத்த கையோடு ஷெர்லினைக் கூப்பிட்டு, அப்பாவை எடுத்தேனே, பின்வாசலில், பிப்ரவரியில், அதை அனுப்பு என்றேன். "அது வேண்டாம்மா, வேற நல்லது நெறைய இருக்கு, அந்த ரயில்வே கேட் படம் இருக்குல்லா" என்றாள். நான்தான் கத்தினேன். உங்க அப்பா மூஞ்சி உனக்கு நல்லதாப் படலயோ என்று கேட்டேன். அவள் அனுப்பிவிட்டாள். அவர் போய் எட்டு மாதம். கடைசி மூன்று மாதம் முகத்தைத் தொடவிடவில்லை. மற்ற இடமெல்லாம் என் கைக்குத் தெரியும், தோள் எலும்பு, விலா, தொடைச் சதை இருந்த இடம், குளிப்பாட்டியதே நான்தானே, ஆனால் கை கழுத்துக்கு மேலே போனால் பிடித்துக்கொள்வார், "அங்க வேண்டாம், வலிக்கு." முகத்தில் என்ன வலி என்று கேட்டதற்கு மருந்து அப்படி என்றார். நானும் நம்பினேன். எனக்கு முப்பத்தொரு வயதில் கண் போனது, கண்ணில் அழுத்தம், ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து கடைசியில் நடுவில் ஒரு காசு அளவுதான் மிச்சம், அந்தக் காசு அளவில் கடைசியாகப் பார்த்தது அவர் முகத்தை. முப்பத்தாறு வயது முகம். உப்பின கன்னம், இடது புருவத்தில் கம்பி கிழித்த தழும்பு, மின்வாரியத்தில் லைன்மேன், தொண்ணூறு கிலோ உடம்போடு கம்பத்தில் ஏறுவார். பதினைந்து வருஷமாக அதையே எடுத்து எடுத்துப் பார்த்து அது தேய்ந்துபோய்விட்டது. இப்போதெல்லாம் புருவம் வந்தால் வாய் வருவதில்லை. வாய் வந்தால் அது அவர் தம்பி செல்வின் வாயாக இருக்கிறது. ஆண்டவரே, அந்தச் செல்வின் வாய் எதற்கு எனக்கு.

செல்வின் கேட்டான், என் முதல் படம் பேப்பரில் வந்தபோது, "மைனி, கேமராவ நீட்டினா ஏதாவது விழத்தான செய்யும், அதுல உங்க கெட்டிக்காரத்தனம் எங்க இருக்கு?" அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டில் செல்வினுக்கு அப்பளம் கிடையாது. ஆனால் அவன் கேட்டது உள்ளே கிடந்து அறுத்தது. நசீமாவிடம் கேட்டேன். அவள் சொன்னாள், படம் எடுப்பது என்றால் முடிவெடுப்பது, எங்கே நிற்பது, எதைப் பார்த்து நீட்டுவது, எப்போது அமுக்குவது, இதெல்லாம் யார் முடிவோ அவர்கள் படம் அது, கண் இருக்கிறவனும் அதைத்தான் செய்கிறான் என்று. அது எனக்குப் பிடித்திருந்தது. அதை வைத்து செல்வினை இரண்டு தடவை மடக்கியிருக்கிறேன். எனக்கென்று ஒரு முறை உண்டு. ஆளிடம் போய் நெஞ்சைத் தொடுவேன், அங்கிருந்து பின்னால் நான்கு எட்டு, கேமராவை என் நெஞ்சுக்குழியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேசுங்க என்பேன், பேச்சு வருகிற இடத்துக்கு நேராகத் திருப்பிக்கொள்வேன். பிறகு, போதும், வாயை மூடுங்க, அசையாதீங்க. பேசிக்கொண்டிருந்தால் வாய் கோணலாக விழும் என்று அவர்தான் ஆரம்பத்தில் சொன்னார். ஆகவே மௌனமாகப் பத்து எண்ணுவேன், பதினொன்றாவதில் அமுக்குவேன். எடுத்ததும் அவர் கேமராவை வாங்கிப் பார்த்துச் சொல்வார். லைன்மேன் சொல்வது மாதிரி சொல்வார், அலங்காரம் கிடையாது. "எடது ஓரத்துல கம்பம், நடுவுல ஆட்டுக்குட்டி, அந்தாளுக்குத் தல வெட்டுப்பட்டுட்டு." நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்பார். இரண்டு வருஷத்துக்கு மேல் பார்த்துச் சொன்னதில் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படம் எடுத்த அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும், முதுகில் வெயில் இதமாக இருந்தது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு நாள். நான்தான் கெஞ்சினேன், உங்கள ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிடுதேன் என்று, "என்னய எடுத்து என்ன செய்யப் போற" என்றார், வைத்துக்கொள்வேன் என்றேன், சரி என்றார். பின்வாசலில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து நெஞ்சைத் தொட்டேன், பொத்தானுக்குப் பின்னால் எலும்பு. நான்கு எட்டு. பேசுங்க என்றேன். என்னத்தப் பேச என்றார். எதையாவது. எப்போதும் போலத் தன் லைன் போகிற வழியைச் சொல்ல ஆரம்பித்தார், மகாராஜ நகர், தியாகராஜ நகர், ரஹ்மத் நகர், என்ஜிஓ காலனி, அந்தக் குரல் மட்டும் இளைக்கவே இல்லை. போதும், வாய மூடுங்க, அசையாதீங்க என்றேன். ஒன்று, இரண்டு. பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஷெர்லின் துணி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், நான்கோ ஐந்தோ எண்ணும்போது உதறல் நின்றது, படத்துக்காக நிறுத்தியிருக்கிறாள், நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாற்காலி அவர் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் ஊருக்கே கேட்கிற மாதிரி முனகும், அதை வைத்து எத்தனை கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு அது முனகவில்லை. முனகுகிற அளவுக்கு அவரிடம் எடை இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள், தினம் அந்த உடம்பைத் தேய்த்துக் குளிப்பாட்டியவளுக்கு. பதினொன்றில் அமுக்கினேன். அமுக்கிய அடுத்த நொடி, "கொண்டா பாப்போம்" என்று கை பக்கத்திலிருந்து வந்து கேமராவை வாங்கியது. நான்கு எட்டு தூரம். கட்டிலிலிருந்து பாத்ரூம் போக என் தோளைப் பிடிக்கிற மனுஷன் தானாக எழுந்து நான்கு எட்டு வந்துவிட்டார் என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம். அன்றைக்கு மத்தியானம் ஜெபத்தில் அதற்காக நன்றிகூடச் சொன்னேன்.

"எப்படி விழுந்துருக்கு?" என்று கேட்டேன். "சரியா நடுவுல விழுந்துருக்கு, வெளிச்சம் நல்லா இருக்கு." நீங்க எப்படி இருக்கீங்க? கேமராவை என் கையில் வைத்துவிட்டு, "எப்பவும் போலத்தான்" என்றார். நாற்காலி சரியாக நடுவில் விழுந்திருக்கிறது, வெளிச்சமும் நன்றாகத்தான் இருந்திருக்கும். எப்பவும் போலத்தான் என்பது மட்டும் பொய். ஒரு பொய். அந்த ஒரு பொய்யை வைத்துக்கொண்டு எட்டு மாதம் நான் ராஜாத்தி மாதிரி இருந்திருக்கிறேன், என்னிடம் அவர் இருக்கிறார், கேமராவுக்குள் இருக்கிறார், எனக்குத் தெரியாவிட்டால் என்ன, இருக்கிறார் என்று. எனக்குக் கோபம் வருகிறது. ஏங்க, என்னைக் கேட்டீர்களா? வற்றிப்போன முகம் எனக்கு வேண்டாம் என்று உங்களிடம் சொன்னேனா? கண் தெரிந்தவர்கள் அத்தனை பேரும், செல்வின், பால்காரர், சர்ச் உபதேசியார், பெயர் தெரியாத நர்ஸ், எல்லாரும் அந்த முகத்தைப் பார்த்தாயிற்று, நான் ஒருத்திதான் பார்க்கக் கூடாதா? செத்துப்போனவரோடு சண்டை போடுவதில் ஒரு கஷ்டம், அவர் எழுந்து வெளியே போய்விட மாட்டார், திரும்பி ஒரு வார்த்தை சொல்லவும் மாட்டார். நசீமா சொன்னபடி பார்த்தால் இது என் படமே இல்லை. எங்கே நிற்பது என்பது என் முடிவு, எப்போது அமுக்குவது என்பது என் முடிவு, ஆனால் படத்தில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது அவர். கைப்பிடியில் அந்தத் துண்டைப் போட்டுவிட்டுப் போனதும் அவராகத்தான் இருக்கும், நான் உட்காரவைக்கும்போது அது தோளில் இருந்தது. பரிசு என்றால் லைன்மேன் தங்கதுரைக்குக் கொடுங்கள். எனக்குக் கிடைத்தது வெறும் நாற்காலி.

ஷெர்லினுக்குத் தெரியும். உதறல் நின்றது படத்துக்காக இல்லை. எட்டு மாதமாக ராத்திரி படுக்கும்போது, அப்பா படத்த ஒரு தடவ பாத்துச் சொல்லேன் என்று கேட்டிருக்கிறேன், அவளும், நீலச் சட்டை போட்டுருக்காவம்மா, தல சீவியிருக்காவ என்று சொல்லியிருக்கிறாள், ஒரே மாதிரி, வார்த்தை மாறாமல். வார்த்தை மாறாதபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், பார்த்துச் சொல்கிறவர்கள் தினம் ஒரு மாதிரிதான் சொல்வார்கள். டீக்குப் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது. வரமாட்டாள். பத்தொன்பது வயசுப் பிள்ளை, அவளைச் சொல்லி என்ன. மைக்கில் யாரோ ஊதுகிறார்கள். நடுவர் பேசுகிறார், வயதான குரல், சளி கட்டியிருக்கிறது. முதல் பரிசு படம் எண் பதினொன்று என்கிறார். கைதட்டுகிறார்கள். இப்போது என்ன சொல்வது? ஐயா, இது தப்பாக எடுத்தது, குருட்டுப் பொம்பளை ஏமாந்துபோய் எடுத்தது என்று சொன்னால் பரிசைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், வாங்கிக்கொள்ளட்டும், ஆனால் செல்வின் சிரிப்பான், ஊரெல்லாம் சிரிக்கும், அதைவிட, இவ்வளவு பேர் முன்னால் அவரை ஏமாற்றுக்காரர் ஆக்கியதாகும். இல்லை, யோசித்துத்தான் வைத்தேன், இல்லாமையைக் காட்டினேன் அப்படி இப்படி என்று அளந்துவிட்டால், அது இரண்டாவது பொய், அதை நான் சொன்னதாகும். கை வந்து என் முழங்கையைப் பிடிக்கிறது. ஷெர்லின். டீ வாசனை இல்லை. "வாம்மா, ஒன்னையக் கூப்பிடுதாவ" என்கிறாள், மூக்கடைத்த குரலில்.

மூன்று படி. மைக் உதட்டில் இடித்தது. நடுவர், "அம்மா, காலியான ஒரு நாற்காலியை வச்சு என் வீட்டுக்காரர்னு பேர் வச்சிருக்கீங்க. முப்பத்திரண்டு படத்துல இத நாங்க ரெண்டாவது பேச்சே இல்லாம எடுத்தோம். இந்த எண்ணம் எப்படி வந்துச்சு உங்களுக்கு?" என்று கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குப் பக்கத்தில் ஷெர்லின் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள், விடவில்லை. "எண்ணமெல்லாம் ஒண்ணும் இல்லங்க," என்றேன். "நான் எடுக்கும்போது அவுக அதுலதான் இருந்தாவ." அவ்வளவுதான் வந்தது. அது உண்மைதான், எனக்குத் தெரிந்த வரையில் சத்தியமான உண்மை. பிறகு தட்டினார்கள் பாருங்கள், அப்படி ஒரு தட்டு, நடுவர்கூட நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்து தட்டினார். உள்ளதைச் சொன்னேன், அதையும் கலையாக்கிவிட்டார்கள். ஷெர்லின் மட்டும் தட்டவில்லை, அவள் இரண்டு கையும் என் முழங்கையில் இருந்தன, இறுக்கி.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தாள். கதவைச் சாத்தினாள். நான், "அப்பா எங்க நின்னாவ?" என்று கேட்டேன். அவள் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "ஒனக்குப் பின்னாலதாம்மா. ஒந்தோளு கிட்ட. எங்கிட்ட வெரல ஒதட்டுல வச்சுக் காட்டுனாவ, சொல்லாதன்னு." என்னத்துக்காம்? "பொறவு கேட்டேன். இந்த மூஞ்சி அம்மாக்கு வேண்டாம், அவகிட்ட ஏற்கனவே ஒண்ணு நல்லது இருக்குல்லான்னாவ." அந்த நல்லது தேய்ந்துபோய்விட்டது என்று நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பார். "அந்த மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்றேன். "அம்மா, வேண்டாம்மா." "சொல்லுட்டி. நீலச் சட்டை, சீவின தலையெல்லாம் வேண்டாம். உள்ளதச் சொல்லு." அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அழட்டும் என்று காத்திருந்தேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கன்னம் ரெண்டும் உள்ள போயிட்டும்மா. கண்ணு மஞ்சளா, மூஞ்சில அது மட்டும்தான் பெருசு. காது ரெண்டும் தனியா நீட்டிக்கிட்டு நிக்கும். புருவத்துல முடி கொட்டி, அந்தத் தழும்பு நல்லா தெரியும். மூக்கு கூர்ந்து போச்சு. கழுத்துல நரம்பு. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான், இருந்தாலும் மூடிக்கொண்டேன். அவர் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார். செல்வின் வாய் போய்விட்டது. "மீச?" என்றேன். "மீச நரச்சிட்டும்மா. ஆனா அன்னைக்கி ரெண்டு பக்கமும் ஒழுங்கா வெட்டியிருந்தாவ. நீ படம் எடுக்கேன்னு சொன்னதும் எங்கிட்டக் கத்திரி வாங்கிட்டுப் போய், கண்ணாடி முன்னால நின்னு அவுகளே வெட்டுனாவ. கை நடுங்குது, நான் வெட்டட்டுமாப்பான்னு கேட்டேன், வேண்டாம், அம்மாக்குப் படத்துக்கு நிக்கணும்லான்னு சொன்னாவ. வெட்டி முடிச்சும் அந்தக் கண்ணாடி முன்னால இருந்து ரொம்ப நேரம் வரலம்மா."